பெங்களூரு ஃப்ளாட்டில் சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், எலெக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரில் தமிழர்கள் அதிகம் இருக்கும் பக்கமெல்லாம் இப்போது சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணில் படுகின்றன. நம்ம ஊர் நாய் என்ற பாசத்தில்தான் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். ஆனால் குட்டிக்கு எட்டு மாதம் ஆனதும் "சமாளிக்க முடியவில்லை, யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்டு வரும் அழைப்புகளும் கூடிவிட்டன. நானும் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டையை இங்கே அடுக்குமாடி வீட்டில் வளர்க்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை: இதெல்லாம் ஒரே மாதிரி நாய்தானா?

இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் தென் தமிழ்நாட்டுக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்கள். நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெல்லிய தோல். கறுப்பு உடம்பில் கால், முகம், நெஞ்சுப் பக்கம் பழுப்பு இருந்தால் கன்னி என்பார்கள். இரண்டும் ஒரே வம்சம், நிறத்தில்தான் பிரிவு என்று சொல்லும் வளர்ப்பாளர்கள் நிறைய உண்டு.

ராஜபாளையம் இவற்றைவிட ஆகிருதி பெரியது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை செவலை நிறமும் கறுத்த மூஞ்சியுமாக, கட்டான உடம்போடு இருக்கும். அதுவும் முதலில் காவல்காரன்தான். கர்நாடகத்திலும் இந்த வரிசையில் ஒரு சொந்தம் உண்டு, பாகல்கோட் மாவட்டத்து முதோல். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையமும் முதோலும் சேர்ந்தே இடம்பெற்றன. பெங்களூரில் ஒரு சிப்பிப்பாறையைக் கூட்டிக்கொண்டு நடந்தால் பாதிப் பேர் அதை "முதோலா?" என்றுதான் கேட்பார்கள். தப்பில்லை, உடலமைப்பு அவ்வளவு நெருக்கம்.

சிப்பிப்பாறை, கன்னி, முதோல் மூன்றும் கண்ணால் வேட்டையாடும் வகை. மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேடிப்போவது இவற்றின் வேலை அல்ல. தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், அடுத்த நொடி பாய்ச்சல்தான். கீழே நான் சொல்லும் பாதி விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இந்த நாய் சந்தோஷமாக இருக்குமா?

சிப்பிப்பாறை, கன்னி, முதோல் இருக்கும். வெளியே ஓடி முடித்துவிட்டால் வீட்டுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும். தேவையில்லாமல் குரைக்காது. முடி கொட்டுவது குறைவு, நாய் வாடையும் அவ்வளவாக இருக்காது. வீட்டு அளவை வைத்துப் பார்த்தால் லாப்ரடாரைவிட இது சுலபம் என்றே சொல்வேன்.

ராஜபாளையத்தையும் கோம்பையையும் முதல் தடவை நாய் வளர்ப்பவர் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு புது முகம், நாள் முழுக்க டெலிவரி பையன்கள், எதிர் வீட்டுக் குழந்தைகள். காவல் குணம் ஊறிய நாய்க்கு இது ஓயாத வேலை. தனி வீடு, உயரமான மதில், நாய் பழகிய கை இருந்தால் அது வேறு கதை.

வீட்டில் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று பால்கனிக்குக் கம்பி அடைப்பு. பெங்களூரில் புறா இல்லாத பால்கனி கிடையாது. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை இந்த நாயைத் தாங்காது. கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்த புறாவைப் பார்த்தால் எத்தனையாவது மாடி என்று அது யோசிக்காது.

தினமும் எவ்வளவு ஓட வேண்டும்? எங்கே ஓட விடுவது?

பலரும் நினைப்பதுபோல மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை. இவை குறுகிய நேரம் உச்ச வேகத்தில் ஓடிவிட்டு ஓய்வெடுக்கும் நாய்கள். காலையும் மாலையும் நல்ல நடை. அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது, வேலி போட்ட இடத்தில் முழு வேகத்தில் பாய ஒரு வாய்ப்பு. ஐந்தே நிமிடம் அப்படி ஓடினால் நாயின் முகமே மாறிவிடும். அந்தப் பாய்ச்சல் கிடைக்காத நாய்தான் சோபாவைக் கிழிக்கிறது, வாசல் கதவு திறந்ததும் வெளியே நழுவுகிறது.

இடம் கிடைப்பதுதான் பெங்களூரில் சிரமம். லால்பாக்கில் நாய்க்கு அனுமதி இல்லை. கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று ஒரு பகுதி உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். ஏரிக்கரை நடைபாதைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். நகரத்தின் ஓரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களை ஓட விடும் இடங்கள் வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த வழி இன்னொன்று: சுற்றிலும் வலை கட்டிய கால்பந்து டர்ஃப். வார நாள் காலையில் அவை காலியாகத்தான் கிடக்கும். உரிமையாளரிடம் பேசி அரை மணி நேரம் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவும் குறையும், நாய்களுக்கும் துணை கிடைக்கும். எச்சத்தை அள்ளிவிட்டு வந்தால்தான் அடுத்த வாரமும் விடுவார்கள்.

ஒரு வயது ஆகாத குட்டியை சைக்கிளுக்குப் பின்னால், ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓட விடாதீர்கள். எலும்பின் வளர்முனைகள் முழுசாக மூடியிருக்காது. அது தானாக ஆடி ஓடுவது போதும்.

நன்றாகப் பழகிய நாய், கூப்பிட்டால் வரும். தெருவில் அவிழ்த்து விடலாமா?

கூடாது. எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் கூடாது.

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வீட்டில், மாடியில், டர்ஃபில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் நாய்தான் இது. ஆனால் அசையும் இரை கண்ணில் பட்டுவிட்டால் காது அடைத்துவிடும். அது கீழ்ப்படியாமை அல்ல. மனிதனை எதிர்பார்க்காமல் தானே முடிவெடுத்துத் துரத்தும் நாயைத்தான் நம் முன்னோர் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார்கள். கரிசல் காட்டில் அது துரத்தி ஓட மைல் கணக்கில் வெட்டவெளி இருந்தது. இங்கே ஒரு பூனையைத் துரத்தினால் சில நொடியில் நடுரோடு வந்துவிடும். அவுட்டர் ரிங் ரோட்டில் அந்த வேகத்தில் குறுக்கே பாயும் நாயைப் பார்த்து எந்த ஓட்டுநராலும் பிரேக் போட முடியாது.

சாதாரண பெல்ட்டும் உதவாது. இந்த நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து தடிமன். பயந்து பின்வாங்கினால் பெல்ட் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். மார்ட்டிங்கேல் என்ற வகை பெல்ட் கேட்டு வாங்குங்கள். நாய் இழுக்கும்போது மட்டும் ஓரளவு இறுகும், தலை வழியே கழலாது. கைப்பிடிக்குள் சுருண்டுகொள்ளும் நீளக் கயிறு இந்த இனத்துக்கு ஆபத்து. அது முழுசாக நீளும் முன் நாய் முழு வேகத்தைத் தொட்டுவிடும், பிறகு கயிறு நிற்கும் இடத்தில் கழுத்து மாட்டிக்கொள்ளும். நீளக் கயிறுதான் வேண்டும் என்றால் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள்.

எல்லோரும் "சாப்பாடு போடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். நாய் இவ்வளவு ஒல்லியாக இருக்கலாமா?

இருக்கலாம், இருக்க வேண்டும். "ஊட்டா ஹாக்கல்வா?" என்று கன்னடத்தில் என்னைக் கேட்காத செக்யூரிட்டி எங்கள் வளாகத்தில் இல்லை. சாப்பாடு போடுவதில்லையா என்று அக்கறையாகத்தான் கேட்கிறார்கள், பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும். இடுப்பெலும்பின் முனை தொட்டால் தட்டுப்பட வேண்டும். தொடைச் சதை திரண்டு இருக்க வேண்டும். முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் துருத்திக்கொண்டு, தொடை வற்றியிருந்தால் அது நோய் அல்லது குடல்புழு. உடனே டாக்டரிடம் போங்கள். மற்றவர்கள் கேட்கிறார்களே என்று சோற்றைக் கூட்டிக் குண்டாக்கிவிட்டால் அந்த மெல்லிய கால்கள்தான் பாரத்தைச் சுமக்கும்.

கம்பங்கூழும் பால்சோறும்தான் இதற்குச் சாப்பாடு என்று ஊரில் சொல்கிறார்கள். போதுமா?

ஊரில் கூழ் குடித்த நாய் எலி, முயல், ஓணான் என்று தன் கறியைத் தானே தேடிக்கொண்டது. அதை மறந்துவிட்டு வெறும் கூழை மட்டும் ஊற்றினால் சதை பிடிக்காது. கேழ்வரகு இங்கே நல்லதாகவே கிடைக்கிறது, களியாகக் கொஞ்சம் கொடுங்கள். ஆனால் தட்டில் முதலிடம் கோழி, முட்டை, மாட்டுக்கறி, மீன் போன்றவற்றுக்குத்தான். கோழி ஈரல் வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் போதும். நல்ல கம்பெனி உலர் தீவனமும் சரிதான், இரண்டையும் கலந்து போடுபவர்களும் உண்டு. பால் சில நாய்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும், அதற்குத் தயிர் பரவாயில்லை. சைவ வீட்டில் இந்த நாயை வளர்க்க நினைத்தால் டாக்டரோடு உட்கார்ந்து உணவைத் திட்டமிட்டுவிட்டுப் பிறகு குட்டியைக் கொண்டுவாருங்கள்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர் திராட்சை, சாக்லேட் எல்லாம் விஷம். பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள். ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை காற்று நிறைந்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் நாய் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் எந்த நோய்க்கு அதிகம் பயப்பட வேண்டும்?

குட்டியாக இருக்கும்போது பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரைக்கும் தொடர் ஊசி. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். இந்த ஊரின் சாக்கடைகளில் பெருச்சாளி அதிகம், இந்த நாய் அதைப் பிடிக்காமல் விடாது. அதனால் எலிக்காய்ச்சலுக்கான பாதுகாப்பும் அந்தத் தொடர் ஊசியில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உண்ணி கடித்து ரத்தத்தில் எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகள் ஏறிவிட்டால் நாய் சோர்ந்து, சாப்பாட்டை மறுத்து, ஈறு வெளுத்துப் போகும். எர்லிக்கியாவில் பெரும்பாலும் ரத்தத்தில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) இறங்கும். டாக்டர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணிக்கையைத்தான். ஆனால் கிரேஹவுண்ட் போன்ற கண்வேட்டை நாய்களுக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே தட்டணுக்கள் மற்ற நாய்களைவிடக் குறைவு, சிவப்பணுக்களின் விகிதம் அதிகம், தைராய்டு அளவும் குறைவு. நம் நாய்களும் அதே உடல்வாகுதான். அதனால் நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு முழு ரத்தப் பரிசோதனை எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் காய்ச்சல் வந்தால் டாக்டர் அதோடு ஒப்பிட்டு இறக்கம் உண்மையா, எவ்வளவு என்று கணிப்பார். தேவையில்லாத மருந்தும் தவிரும், தேவையான மருந்து தாமதமாவதும் தவிரும்.

உண்ணிக்கு மாத்திரையோ, பிடரியில் விடும் சொட்டு மருந்தோ வருஷம் முழுக்கத் தவறாமல் கொடுங்கள். பெங்களூரில் உண்ணி ஓயும் மாதம் என்று ஒன்று இல்லை. நடந்துவிட்டு வந்ததும் காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் பாருங்கள். முடி குறைவாக இருப்பதால் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும்.

கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிறார்களே?

ஒத்துக்கொள்ளும், எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, கல்லீரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைக்கும். தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்து கொடுத்தால் இந்த வகை நாய் வெகுநேரம் எழாமல் கிடக்கும். இப்போது அதற்குப் பதிலாகப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்பே "இது கிரேஹவுண்ட் வகை நாய், அதற்கேற்ற மயக்க மருந்துதானே?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஹெப்பாளில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

நீங்களாக பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்காதீர்கள். எந்த நாய்க்கும் கூடாது.

குளிர் தாங்குமா?

தாங்காது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நமக்கே ஸ்வெட்டர் வேண்டும். தோலடிக் கொழுப்போ அடர்ந்த முடியோ இல்லாத நாய்க்கு எப்படி இருக்கும்? ஒரு பழைய ஸ்வெட்டர் போதும். படுக்கையும் தடிமனாக வேண்டும். வெறும் டைல்ஸில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு வரும், சில சமயம் நீர் கோத்துக்கொள்ளும். பழைய மெத்தை, மேலே ஒரு கம்பளி. பெரும்பாலான சிப்பிப்பாறைகள் உங்கள் கட்டிலைத்தான் தேர்ந்தெடுக்கும்.

குழந்தைகளோடும் தெருநாய்களோடும் எப்படி இருக்கும்?

வீட்டுக் குழந்தைகளோடு மென்மையாக இருக்கும். ஆனால் இந்த நாய்கள் பலவும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். தூங்கும்போது குழந்தை மேலே விழுந்தால் திடுக்கிட்டுக் கடிக்க வாய்ப்புண்டு. படுக்கையில் இருக்கும் நாயைத் தொடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும். குட்டியிலிருந்து கூட வளர்ந்த பூனையை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அதற்காக வெளியே பார்க்கும் பூனையையும் விட்டுவைக்கும் என்று நம்பாதீர்கள்.

தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் வரும் புது நாயைச் சூழ்ந்துகொள்ளும். நம் நாயின் தோல் காகிதம் மாதிரி, சின்னச் சண்டையிலும் கிழிந்து தையல் போட வேண்டிவரும். உங்கள் தெருவில் எந்தக் கூட்டம் எங்கே படுத்திருக்கும் என்று தெரிந்துகொண்டு வழியை மாற்றுங்கள். கடிபட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

அசோசியேஷன் நாய் வேண்டாம் என்கிறது. என்ன செய்வது?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் முடியாது. அதைப் பிரதி எடுத்து மரியாதையாகக் கொடுங்கள். மாநகராட்சி உரிமம், ரேபிஸ் ஊசிச் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும். வாடகை வீடு என்றால் நாய் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். லிஃப்டில் யாராவது பயந்தால் நீங்கள் அடுத்த லிஃப்டில் போங்கள். பயப்படுபவருக்கும் அந்த வீட்டில் நிம்மதியாக வாழ உரிமை உண்டு.

குட்டியை எங்கே வாங்குவது?

குட்டியின் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நாற்பது நாள் குட்டியை பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். நெருங்கிய ரத்தத்திலேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதும் நடக்கிறது, வம்சத்தை விசாரியுங்கள். ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. குட்டி பார்க்காத பக்கம் நின்று சத்தம் எழுப்பிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது சோதித்தால் மற்றக் குட்டிகளைப் பார்த்துத் திரும்பிவிடும், தனியாக வைத்துச் சோதியுங்கள்.

அதைவிட நல்ல வழி, ஒன்றிரண்டு வயதில் கைவிடப்பட்ட நாயை எடுப்பது. பெங்களூரில் தத்துக்குக் காத்திருக்கும் சிப்பிப்பாறைகளும் முதோல்களும் உண்டு. குணம் முன்பே தெரிந்துவிடும், கடிக்கும் பருவமும் முடிந்திருக்கும்.

ஊருக்குப் போகும்போது காட்டில் முயலுக்கு விடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம், நாயை ஏவி விடுவதும் வேட்டைதான். நாயின் பக்கமிருந்து பார்த்தாலும் பட்டணத்தில் வளர்ந்த நாய்க்குச் சுவரில்லாத கிணறு தெரியாது, பாம்பு தெரியாது, பன்றிக்கு வைத்த விஷம் தெரியாது. ஓட்டம்தான் வேண்டும் என்றால் ஒரு கம்பில் கயிறு கட்டி, முனையில் துணி முடிந்து, தரையோடு இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். அதே பாய்ச்சல், அதே திருப்பம், அதே ஆனந்தம்.

தீபாவளிக்கு?

உள் அறை, சாத்திய ஜன்னல், ஓடும் ஃபேன், பக்கத்தில் ஒரு ஆள். நடையை இருட்டும் முன் முடித்துவிடுங்கள். மிகவும் நடுங்கும் நாய் என்றால் இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். விநாயகர் ஊர்வல மேளத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

எல்லாம் பார்த்தும் நாய் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டால்?

பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் ஓடும், உங்களால் எட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், அல்லது பேரைச் சொல்லிக்கொண்டே எதிர்த் திசையில் ஓடுங்கள். திரும்பி வர வாய்ப்பு அதிகம். பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் ஒருவர் அதே இடத்தில் நிற்கட்டும். நீங்கள் போட்டிருந்த துணியை அங்கே விட்டுவையுங்கள். பல நாய்கள் ஓடிக் களைத்ததும் புறப்பட்ட இடத்துக்கே வரும்.

மற்றவர்கள் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பால் போடுபவர்கள், தெரு கூட்டும் தொழிலாளர்கள் என்று போட்டோவைக் காட்டிக் கேட்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் இருப்பவர்கள் அவர்கள்தான். யாரும் பிடிக்க முயல வேண்டாம், பார்த்த இடத்தைப் போனில் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். கன்னடத்திலும் எழுதிக் கொடுங்கள். சுற்று வட்டாரக் கிளினிக்குகளுக்கும் சொல்லிவையுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர், தோலுக்கடியில் மைக்ரோசிப் இரண்டும் முன்பே இருக்க வேண்டும். பட்டை கழன்றுபோனாலும் சிப் இருக்கும்.

நாய் கிடைத்ததும் அதட்டாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உள்ளங்கால் தேய்ந்திருக்கிறதா, நகம் பிய்ந்திருக்கிறதா, தொடையில் கீறல் உண்டா என்று பாருங்கள். தாருரோட்டில் முழு வேகத்தில் ஓடிய நாய்க்குப் பாதத்தோல் உரிந்திருக்கும், அன்று நொண்டாவிட்டாலும் மறுநாள் நொண்டும். அன்றே டாக்டரிடம் காட்டிவிட்டு, எந்தக் கொக்கி விட்டுப்போனதோ அதை மாற்றிய பிறகே அடுத்த நடைக்குக் கூட்டிப் போங்கள்.